பங்கு இளைஞர் குழுவில் ஆறு வார செல்போன் பயிற்சி: தொடங்குவது முதல் முடிப்பது வரை

கத்தோலிக்கக் கோயிலில் இளைஞர் குழுவையோ மறைக்கல்வி வகுப்பையோ பொறுப்பேற்று நடத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கிருஷ்ணகிரிக்கும் தருமபுரிக்கும் இடையே இருக்கும் எங்கள் பங்கில், அதாவது எங்கள் கோயிலைச் சேர்ந்த சமூகத்தில், பிள்ளைகளின் செல்போன் பழக்கத்தைச் சீர்செய்யும் இந்தப் பயிற்சியை மூன்று அணிகளுக்கு நடத்தியிருக்கிறேன். பக்கத்துப் பங்குகளில் புதிதாகத் தொடங்கியவர்கள் எங்கே இடறினார்கள் என்பதையும் கூடவே இருந்து பார்த்தேன்.

அவர்களில் பலர் முதல் கூட்டத்திலேயே "செல்போனைக் கீழே வை" என்று தொடங்கினார்கள். மூன்றாவது வாரம் பிள்ளைகள் வரவில்லை. இந்தப் பயிற்சியில் வரிசைதான் முக்கியம். முதலில் எண்ணுவது, அடுத்துத் தூக்கம், அதன்பிறகு கண்ணில் படுபவை, பின்னர் பங்கின் சொந்தப் பழக்கங்கள், அதற்குப் பிறகே ஆபத்துகளும் வீடும். முந்தைய படியில் பிள்ளைகளுக்கு உங்கள்மேல் வந்த நம்பிக்கையில்தான் அடுத்த படி நிற்கிறது.

சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே சபைகளில் வாலிபர் கூட்டம் நடத்துகிறவர்களும் பெயர்களை மட்டும் மாற்றிக்கொண்டு இதைப் பின்பற்றலாம். பிள்ளைகளின் சிக்கல் எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

இரண்டு பெரியவர்கள் வேண்டும். ஒருவர் கட்டாயம் பெண்ணாக இருக்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு இன்ஸ்டாகிராமில் வரும் செய்திகளை ஓர் ஆணிடம் சொல்ல வாய் வராது. சொல்லாமல் விட்டதுதான் பின்னால் பெரிதாகிறது.

பங்குத்தந்தையிடம் ஒரு வாக்கு வாங்குங்கள்: கூட்டத்தில் கேட்ட எதுவும் மறையுரைக்கு, அதாவது பூசைப் பிரசங்கத்துக்கு, வரக் கூடாது. ஒரு பங்கில் இரண்டாவது வாரமே "சில பிள்ளைகள் இரவு இரண்டு மணி வரை விழித்திருக்கிறார்கள்" என்று பீடத்திலிருந்து பேசப்பட்டது. பெயர் சொல்லப்படவில்லை. ஆனாலும் கோயிலில் இருந்த தலைகள் எல்லாம் ஒரே பையன் பக்கம் திரும்பின. அவன் அதற்குப் பிறகு இளைஞர் குழுவுக்கு வரவே இல்லை.

18 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பெற்றோரின் எழுத்துமூல ஒப்புதல் வாங்குங்கள். பெற்றோர் வெளியூரில் இருந்தால் வீட்டில் இருக்கும் பாட்டி, தாத்தாவிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டு, பெற்றோரிடம் தொலைபேசியிலும் பேசுங்கள். கடிதத்தில் ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும்: "பிள்ளை நோட்டில் எழுதும் செல்போன் நேரக் கணக்கை நாங்கள் கேட்டு வாங்கிப் பார்க்க மாட்டோம்."

ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். செயலி, இணையப் படிவம் எதுவும் வேண்டாம். செல்போன் பழக்கத்தை எழுத மறுபடியும் செல்போனையே திறக்கச் சொன்னால், எழுதி முடித்த கையோடு பிள்ளை ரீல்ஸ் பார்க்கத் தொடங்கிவிடும்.

வயதுவாரியாகப் பிரியுங்கள்: 13 முதல் 15 வரை, 16 முதல் 18 வரை, அதற்கு மேல். ஓசூர் கம்பெனியில் வேலைக்குப் போகிற 21 வயது இளைஞரும் ஒன்பதாம் வகுப்பு மாணவியும் ஒரே வட்டத்தில் அமர்ந்தால் இருவருமே பேச மாட்டார்கள்.

சொந்த செல்போன் இல்லாத பிள்ளைகளை விட்டுவிடாதீர்கள். அம்மாவின் போனை இரவில் வாங்கிப் பார்க்கிறவர்கள், அண்ணனின் கணக்கில் நுழைகிறவர்கள் நம் கிராமங்களில் நிறைய. வகுப்பில் தனக்கு மட்டும் போன் இல்லை என்ற தாழ்வு மனப்பான்மையும் இந்தப் பயிற்சிக்குள் வருகிற விஷயம்தான்.

2. காலத்தைத் தேர்ந்தெடுங்கள்

பெரும்பாலானோர் ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலத்தில் தொடங்குகிறார்கள். நான் வேண்டாம் என்கிறேன். இரண்டு காரணங்கள். தவக்காலம் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பொதுத்தேர்வை ஒட்டியே வருகிறது. ஏற்கெனவே பயத்தில் இருக்கும் பிள்ளையின் பழக்கத்தில் அப்போது கை வைக்கக் கூடாது. இரண்டாவது, ஒறுத்தல் என்ற பெயரில் விட்டதெல்லாம் உயிர்ப்பு ஞாயிறு (ஈஸ்டர்) அன்று திரும்பி வந்துவிடும். நாற்பது நாள் இன்ஸ்டாகிராமை அழித்து வைத்திருந்த ஒரு பெண், ஈஸ்டர் இரவுப் பூசையான பாஸ்கா திருவிழிப்பு முடிந்து வீடு திரும்பும் வழியிலேயே அதை மீண்டும் இறக்கிக்கொண்டாள்.

ஏப்ரல், மே மாதங்களும் சரிப்படாது. மாங்காய்ப் பருவத்தில் பெரிய பையன்கள் தோப்புக்கும் லோடு ஏற்றவும் மாங்கூழ் ஆலைக்கும் போய்விடுவார்கள். அந்தச் சம்பளத்தில்தான் பலரும் முதல் செல்போன் வாங்குகிறார்கள் என்பதையும் மனத்தில் வையுங்கள். பள்ளி திறந்து இரண்டு வாரம் ஆன பிறகு, ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ தொடங்குங்கள். புதிய போனும் புதிய வகுப்பும் ஒன்றாக வந்திருக்கும் நேரம் அது.

கூட்டம் ஞாயிறு பூசை முடிந்ததும் ஒரு மணி நேரம். மாலையில் வைத்தால் தொலைவான ஊர்களிலிருந்து வருகிறவர்களுக்குத் திரும்பிப் போக பஸ் இருக்காது.

3. முதல் வாரம்: எண்ணுங்கள், எதையும் மாற்றாதீர்கள்

ஆண்ட்ராய்டு போனில் அமைப்புகளுக்குள் டிஜிட்டல் வெல்பீயிங் என்ற பகுதி இருக்கும். ஐபோனில் அதற்கு ஸ்கிரீன் டைம் என்று பெயர். ஒவ்வொருவரும் தன் போனில் அதைக் கண்டுபிடிக்கும்வரை காத்திருங்கள். பாதிப் பிள்ளைகளுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

தினமும் நோட்டில் நான்கு விவரங்களை மட்டும் எழுதச் சொல்லுங்கள்: மொத்தம் எத்தனை மணி நேரம், எத்தனை முறை போனைத் திறந்தோம், இரவு கடைசியாக எப்போது கீழே வைத்தோம், வைத்தபோது மனம் எப்படி இருந்தது. கடைசிக் கேள்விக்கு ஒரே சொல் போதும். "சலிப்பு", "கோபம்", "பரவாயில்லை", எதுவானாலும் சரி.

நான்காவது கேள்விதான் இந்த நோட்டின் உயிர். ஒரு மாணவி திங்கள் முதல் வியாழன் வரை "ஒன்றுமில்லை" என்றே எழுதியிருந்தாள். வெள்ளிக்கிழமை அதை அடித்துவிட்டு, அதன் கீழே சின்ன எழுத்தில் "நான் மட்டும்" என்று எழுதியிருந்தாள். மணிக்கணக்கை மட்டும் கேட்டிருந்தால் அந்த இரண்டு சொற்களும் எனக்குக் கிடைத்திருக்காது.

முதல் வாரம் யாரையும் குறைக்கச் சொல்லாதீர்கள். குறைக்கச் சொன்னால் குறைத்து எழுதுவார்கள். உண்மையான எண் கையில் இல்லாவிட்டால் ஆறாவது வாரம் எது மாறியது என்று பார்க்க வழியில்லை.

புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, எண்களைச் சத்தமாக வாசிக்கச் சொல்வது. ஒருவன் ஏழு மணி நேரம் என்பான், பின் வரிசையில் கைதட்டுவார்கள். இன்னொருத்தி இரண்டு மணி நேரம் என்பாள், அவளுக்கு "நல்ல பிள்ளை" பட்டம் கிடைக்கும். இப்படித்தான் எண்ணுவதும் ஒரு போட்டியாகிவிடுகிறது. நோட்டை எழுதியவர் மட்டுமே திறக்க வேண்டும். நானும் என் நோட்டை எழுதினேன். முதல் வாரம் முடிவில் என்னுடையதை மட்டும் வாசித்துக் காட்டினேன். 4 மணி 10 நிமிடம். அதற்குப் பிறகு அறையில் இருந்த இறுக்கம் குறைந்தது.

பிள்ளைகள் அளவு கேட்பார்கள். 2023-இல் அமெரிக்காவின் தலைமை மருத்துவ அதிகாரி வெளியிட்ட அறிவுரை ஒன்றைச் சொல்லலாம்: நாளொன்றுக்கு 3 மணி நேரத்துக்கு மேல் சமூக ஊடகத்தில் செலவிடும் வளரிளம் பருவத்தினருக்கு மனச்சோர்வு, பதற்றம் போன்றவற்றின் அறிகுறிகள் வரும் வாய்ப்பு இரு மடங்கு என்கிறது அது. ஆனால் அதைக் கோடாகப் போட்டுவிடாதீர்கள். பாடற்குழுவுக்குப் பாட்டுக் கற்றுக்கொள்ள யூடியூபில் செலவிட்ட ஒரு மணி நேரமும், வகுப்புத் தோழியின் புதுத் துணியைப் பார்த்துக்கொண்டே கிடந்த ஒரு மணி நேரமும் ஒன்றல்ல. நோட்டில் நான்காவது கேள்வி இருப்பது அதற்காகத்தான்.

4. இரண்டாம் வாரம்: முதலில் தூக்கத்தைத் திருப்பிக் கொடுங்கள்

ஆறு வாரங்களில் ஒன்றே ஒன்றுதான் நடத்த முடியும் என்றால் இதை நடத்துங்கள். பிள்ளையின் கோபம், அழுகை, படிப்பில் கவனமின்மை, பூசையில் கொட்டாவி ஆகியவற்றில் பெரும்பகுதி தூங்காததால் வருவது. தூக்கம் சரியாகாத பிள்ளையிடம் நீங்கள் வேறு எதைச் சொன்னாலும் அது உள்ளே இறங்காது.

13 முதல் 18 வயதுவரை இருப்பவர்களுக்கு இரவில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது தூக்க மருத்துவர்களின் பரிந்துரை. காலை 7 மணிப் பூசைக்கோ பள்ளி பஸ்ஸுக்கோ ஆறு மணிக்கு எழுகிற பிள்ளை, பத்து மணிக்குள் படுத்தால்தான் அந்தக் குறைந்த அளவாவது கிடைக்கும்.

எங்கள் பங்கில் பத்தாம் வகுப்பு படிக்கும் பீடச்சிறுவன் (பூசையில் குருவுக்கு உதவும் பையன்) ஒருவன் இருந்தான். நற்செய்தி வாசிக்கும்போது மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு நின்றவன், நின்றபடியே கண் சொருகினான். உருகிய மெழுகு கட்டைவிரலில் வழிந்து வெள்ளையாக உறைந்தது. அவன் கையை எடுக்கவில்லை. பக்தி இல்லை என்று பெரியவர்கள் திட்டினார்கள். தனியே உட்கார வைத்துக் கேட்டேன். அவன் அப்பா ஓசூரில் இரண்டாம் ஷிப்ட். கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் இரவு பத்தே முக்காலுக்கு வீடியோவில் அழைப்பார். அந்தப் பத்து நிமிடம்தான் அவனுக்கு அப்பா. அழைப்பு முடிந்ததும் போன் அவன் கையிலேயே இருக்கும். ஒன்றரை மணிவரை ரீல்ஸ்.

"இரவு ஒன்பது மணிக்குப் போனை வாங்கி வையுங்கள்" என்று நகரத்தில் எழுதப்பட்ட அறிவுரை இங்கே செல்லாததற்கு அவன் வீடே சாட்சி. நம் இரண்டு மாவட்டங்களிலும் பெற்றோர் ஓசூரிலும் பெங்களூரிலும் வேலையில் இருக்க, பிள்ளைகள் பாட்டியிடம் வளரும் வீடுகள் ஏராளம். ஒன்பது மணிக்குப் போனைப் பறித்தால் அப்பாவையும் பறித்ததாகிவிடும். அந்தப் பிள்ளை உங்களை மன்னிக்காது.

ஆகவே இந்த வரிசையில் செய்யுங்கள்:

முதலில், வீட்டில் யார் எப்போது அழைப்பார்கள் என்று எழுதி வாங்குங்கள். அந்த நேரத்தில் கை வைக்காதீர்கள். முடிந்தால் இரவு அழைப்பைப் பாட்டியின் போனுக்கு மாற்றச் சொல்லுங்கள். அப்பாவிடம் நாமே பேசி, ஷிப்டுக்குக் கிளம்புமுன் பகலிலும் ஒருமுறை அழைக்கச் சொல்லலாம். அந்தப் பையனின் அப்பா உடனே ஒப்புக்கொண்டார். மகன் விழித்திருக்கிறான் என்பதே அவருக்குத் தெரியாது.

இரண்டாவது, போன் உறங்கும் இடம். "வேறு அறையில் வையுங்கள்" என்று சொல்லாதீர்கள். பல வீடுகளில் வேறு அறை கிடையாது, எல்லோரும் ஒரே கூடத்தில் படுக்கிறார்கள். படுத்தபடி கை நீட்டினால் எட்டாத இடமாக இருந்தால் போதும். அலமாரியின் மேல்தட்டு, அரிசி டிரம்மின் மேல், பரண், எதுவானாலும் சரி. எழுந்து நின்றுதான் எடுக்க வேண்டும் என்றாலே பாதி இரவுகள் தப்பிக்கும்.

மூன்றாவது, அலாரம். "அலாரத்துக்குத்தான் போனைப் பக்கத்தில் வைக்கிறேன்" என்பது எல்லாப் பிள்ளைகளும் சொல்லும் காரணம், அது உண்மையும்கூட. ஒரு சாதாரண அலாரக் கடிகாரத்துக்கோ பட்டன் போனுக்கோ வழி செய்யுங்கள். எங்கள் பங்கில் ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பால் சபையினர் எட்டுக் கடிகாரங்கள் வாங்கிக் கொடுத்தார்கள்.

நான்காவதாக, ஆண்ட்ராய்டு போனில் உறக்க நேரப் பயன்முறையை (பெட்டைம் மோட்) அதன் கிரேஸ்கேல் தேர்வோடு இயக்குங்கள். திரை நிறமிழந்து சாம்பலாகிவிடும். நிறம் போனால் ரீல்ஸின் இழுப்பும் குறைகிறது.

ஒரு பிழையைச் சொல்லிவிடுகிறேன். இரவு பத்து மணிக்குக் குழுவாகச் செபமாலை சொல்ல வாட்ஸ்அப் அழைப்பு ஏற்பாடு செய்தார்கள் ஒரு பங்கில். நல்ல எண்ணம்தான். செபம் பத்தரைக்கு முடிந்தது, பிள்ளைகளின் கையில் போன் திறந்தே இருந்தது. இரவுச் செபத்தை அச்சிட்ட தாளில் வைத்துச் சொல்லச் செய்யுங்கள்.

5. மூன்றாம் வாரம்: கண்ணில் படுபவற்றைச் சீர்செய்யுங்கள்

தூங்கி எழுந்த பிள்ளைகளோடு இப்போது பேசலாம். முதலில் அறிவிப்புகள். அழைப்பு, நேரடிச் செய்தி இரண்டைத் தவிர மற்ற எல்லாச் செயலிகளின் அறிவிப்பையும் கூட்டத்திலேயே நிறுத்தச் சொல்லுங்கள். வீட்டில் செய்கிறேன் என்றால் செய்ய மாட்டார்கள்.

அடுத்து, இன்ஸ்டாகிராம் கணக்கில் உள்ள பிறந்த ஆண்டு. இன்ஸ்டாகிராமில் கணக்குத் தொடங்கக் குறைந்தபட்ச வயது 13. 18 வயதுக்குட்பட்டவர்களின் கணக்குக்குத் தனிக் காப்புகள் உண்டு: கணக்கு தானாகவே தனிப்பட்டதாக இருக்கும், பிள்ளை பின்தொடராத, முன்பே தொடர்பில் இல்லாத எவரும் செய்தி அனுப்ப முடியாது, இரவு 10 முதல் காலை 7 வரை அறிவிப்புகள் வராது. ஆனால் வயதைக் கூட்டிக் காட்டப் பிறந்த ஆண்டை மாற்றிப் போட்டுத் தொடங்கிய பிள்ளைக்கு இவற்றில் ஒன்றும் கிடைக்காது. ஒரு வகுப்பில் பார்த்தபோது பாதிக்கு மேல் "1999", "2000" என்று இருந்தது. திட்டாமல், திருத்த உதவுங்கள்.

பிறகு, பார்ப்பதை வடிகட்டுவது. நோட்டில் "வைத்தபோது மனம்" என்ற இடத்தில் வருத்தமான சொல் எழுதிய இரவுகளில் என்ன பார்த்தார்கள் என்று அவர்களையே யோசிக்கச் சொல்லுங்கள். அந்தக் கணக்குகளைப் பின்தொடர்வதை விட வேண்டும். அதே மாதிரிக் காணொளி மீண்டும் வந்தால் "ஆர்வமில்லை" என்று அழுத்த வேண்டும். ஒரு காணொளியில் கண் எவ்வளவு நேரம் நின்றது என்பதையும் செயலி கணக்கில் வைத்துத்தான் அடுத்ததைக் காட்டுகிறது. வெறுப்போடு பார்த்தாலும் அது கணக்குதான் என்பதைச் சொல்லுங்கள். இதைக் கேட்டதும் பிள்ளைகள் முகத்தில் ஒரு தெளிவு வரும். தன் குற்றம் என்று நினைத்திருந்ததில் பாதி, இயந்திரத்தின் வேலை.

கோயிலுக்கு வரும் பிள்ளைகளுக்கென்று மூன்று வகைக் காணொளிகள் தனியாக வருகின்றன. பொதுவான வழிகாட்டிகள் இவற்றைப் பேசுவதில்லை; நீங்கள் பேச வேண்டும்.

முதலாவது, பயமுறுத்தும் செபங்கள். "இதைப் பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் உன் அம்மாவுக்கு ஆபத்து" என்று மாதா படத்தோடு வரும். அனுப்பாமல் விட்டுவிட்டு இரவெல்லாம் அழுத ஏழாம் வகுப்புப் பிள்ளையை எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட செபம் எதையும் திருச்சபை தருவதில்லை, அதை அழித்தால் பாவமில்லை என்று பங்குத்தந்தையின் வாயாலேயே கேட்க வையுங்கள். இந்த ஒன்றுக்கு மட்டும் பீடம் பொருத்தமான இடம்.

இரண்டாவது, மதத்தைக் கேலி செய்யும் கமென்ட்கள். திருவிழாத் தேர் பவனிக் காணொளியின் கீழே யாரோ ஒருவன் எழுதியதைப் பிள்ளை வாசிக்கிறது. மறுநாள் பள்ளியில் பக்கத்து பெஞ்சுத் தோழனைச் சந்தேகத்தோடு பார்க்கிறது. பதில் எழுதாதே, புகார் அழுத்து, வந்து எங்களிடம் சொல் என்று பழக்குங்கள். முகம் தெரியாதவனின் வெறுப்பு ஊரில் இருக்கும் நட்பைத் தின்றுவிடக் கூடாது.

மூன்றாவது, சாதிப் பெருமை ரீல்ஸ். ஞாயிறு ஒரே பாத்திரத்திலிருந்து நற்கருணை வாங்கிய பிள்ளைகள் மாலையில் அரிவாள் படமும் சாதிப் பாட்டும் போட்டுப் பகிர்கிறார்கள். நம் வீட்டுப் பிள்ளை செய்யாது என்று நினைக்காதீர்கள். அதைப் பார்க்கும் இன்னொரு பிள்ளை, பாடற்குழுவில் தன் பக்கத்தில் நிற்பவனைப் பற்றி என்ன நினைக்கும் என்று கேளுங்கள். பதில் வர நேரமாகும். அந்த மௌனத்தை நீங்கள் பேசி நிரப்ப வேண்டாம்.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் நடத்துகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: பிள்ளைகள் தெலுங்கிலும் கன்னடத்திலும் பார்க்கிறார்கள். அந்த மொழி தெரிந்த பெரியவர் ஒருவர் குழுவில் இருக்கட்டும்.

புனித கார்லோ அகுதிஸை உதாரணம் காட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. 2025 செப்டம்பர் 7 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டவர், கணினியில் கைதேர்ந்தவர், பிள்ளைகளுக்குப் பிடித்தவர். ஆனால் "அவரைப் பார், உனக்கு ஏன் முடியவில்லை" என்று அவரைப் பிரம்பாக்காதீர்கள். அவர் 15 வயதில் இறந்தது 2006-இல். முதல் ஐபோன் விற்பனைக்கு வந்தது 2007-இல். இந்தப் பிள்ளைகளின் கையில் இருப்பது அவர் கையில் இருந்ததில்லை.

6. நான்காம் வாரம்: பங்கின் சொந்தப் பழக்கத்தைத் திருத்துங்கள்

இந்த வாரம் பிள்ளைகள் மாற வேண்டியதில்லை, பெரியவர்கள் மாற வேண்டும். இதை விட்டுவிடும் பங்குகளில் மற்ற ஐந்து வாரமும் வீண் என்பது என் உறுதியான கருத்து.

எங்கள் பாடற்குழுவில் பாடும் பெண் ஒருத்தியின் படம் திருவிழா அன்று பங்கின் பக்கத்தில் போடப்பட்டது. நீலப் பாவாடை தாவணி, கையில் பாட்டுப் புத்தகம், வாய் திறந்து பாடும் நேரத்தில் எடுத்த நெருக்கமான படம். அதை யாரோ எடுத்து, மட்டமான பாட்டு ஒன்றைச் சேர்த்து ரீல்ஸ் ஆக்கினார்கள். அவள் பள்ளியில் எல்லோரிடமும் அது போய்ச் சேர்ந்தது. படம் போட்டவர்கள் நம் ஆட்கள், அன்போடுதான் போட்டார்கள். அவள் எட்டு மாதம் பாடவில்லை. கோயிலில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தாள்.

அதன்பிறகு பங்குப் பேரவையில் வைத்து நாங்கள் எழுதிக்கொண்ட விதிகள் இவை. உங்கள் பங்கிலும் பேரவையில் வைத்தே நிறைவேற்றுங்கள். இளைஞர் குழு மட்டும் எழுதினால் பெரியவர்கள் மதிக்க மாட்டார்கள்.

18 வயதுக்குட்பட்டவரின் நெருக்கமான படம் பங்கின் எந்தப் பக்கத்திலும் வராது. கூட்டமாக, தொலைவிலிருந்து எடுத்தவை மட்டும். பெயரும் பள்ளியும் சேர்க்கக் கூடாது. நற்கருணை முதல் விருந்து, உறுதிபூசுதல் படங்கள் அந்தந்தக் குடும்பத்துக்கு மட்டும் அனுப்பப்படும்.

எடுக்கச் சொன்னால் அன்றே எடுக்கப்படும். காரணம் கேட்கப்படாது.

இளைஞர் வாட்ஸ்அப் குழுவில் இரவு 9 முதல் காலை 5 வரை எந்தச் செய்தியும் இல்லை. அந்த நேரத்தில் நிர்வாகிகள் மட்டும் எழுதும்படி குழுவின் அமைப்பை மாற்றிவிடுவார்கள், அவர்களும் எழுத மாட்டார்கள். விழித்திருக்காதே என்று சொல்லிவிட்டு இரவு 11 மணிக்கு நாளைய பாட்டுப் பட்டியலை அனுப்புகிறவர்கள் நாம்தான்.

வராதவர்களின் பெயரைக் குழுவில் போடுவதில்லை. பிறந்தநாள் வாழ்த்து நேரில் மட்டும். சிலருக்கு நாற்பது வாழ்த்தும் சிலருக்கு நான்கும் வருவதைப் பிள்ளைகள் எண்ணுகிறார்கள்.

பெரியவர் எவரும் 18 வயதுக்குட்பட்டவருக்குத் தனிச் செய்தி அனுப்புவதில்லை. அவசரமென்றால் பெற்றோரையோ இன்னொரு பெரியவரையோ சேர்த்துத்தான் அனுப்ப வேண்டும். பங்குத்தந்தை, அருள்சகோதரிகள், உபதேசியார், நான், எல்லோருக்கும் இது பொருந்தும். இந்த விதிக்கு எங்கள் பங்கில் எதிர்ப்பு வந்தது. "எங்களைச் சந்தேகப்படுகிறீர்களா" என்று கேட்டார்கள். நல்லவர்கள் இதைக் கடைப்பிடித்தால்தான் தீயவன் கடைப்பிடிக்காதது பிள்ளையின் கண்ணில் படும்.

7. ஐந்தாம் வாரம்: ஆபத்து வந்தால் என்ன வரிசை

இந்த வாரத்தை முதல் வாரமே வைத்தால் பிள்ளைகள் மிரண்டுவிடுவார்கள். நான்காம் வாரத்தில் பங்கே தன்னைத் திருத்திக்கொண்டதைப் பார்த்த பிறகு பேசினால், கூட்டம் முடிந்ததும் யாரோ ஒருவர் தங்கி நின்று பேசுவார். எனக்கு மூன்று அணிகளிலும் அப்படி நடந்தது.

படத்தைத் திருத்தி மிரட்டுவது, பணம் கேட்பது, அந்தரங்கப் படத்தைப் பரப்புவேன் என்பது, இவற்றில் எது நடந்தாலும் பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம்: "சொன்னது நல்லது, உன்மேல் தவறில்லை." அதன்பிறகு:

எதையும் அழிக்கக் கூடாது. பெற்றோர் முதலில் செய்வது போனைப் பிடுங்கி எல்லாவற்றையும் அழிப்பதுதான். ஆதாரம் அத்தோடு போய்விடும். மிரட்டியவனின் கணக்குப் பெயர், செய்தி, தேதி ஆகியவை தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். 18 வயதுக்குட்பட்டவரின் அந்தரங்கப் படத்தை மட்டும் யாருக்கும், உங்களுக்கும்கூட, அனுப்பச் சொல்லாதீர்கள்.

பணம் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் மறுபடியும் கேட்பான். ஏற்கெனவே கொடுத்திருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். சீக்கிரம் சொன்னால் பணம் கைமாறுவதை நிறுத்த வாய்ப்பு அதிகம். மற்றவற்றுக்கு மத்திய அரசின் சைபர் குற்றப் புகார் இணையதளம் இருக்கிறது. மாவட்ட சைபர் குற்றப் பிரிவிலும் நேரில் கொடுக்கலாம்.

பிள்ளைக்கு 18 வயதுக்குள் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள். பாலியல் குற்றம் என்றால், குழந்தைகளை அத்தகைய குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி அதை அறிந்த எவரும் தெரிவித்தாக வேண்டும். கோயிலின் மானம், குடும்பத்தின் மானம் என்று மறைப்பது சட்டப்படியே குற்றம். இதை முதல் கூட்டத்திலேயே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்: "நீ சொல்வதை ஊருக்குச் சொல்ல மாட்டேன். ஆனால் உனக்கு ஆபத்து என்றால் உதவக்கூடியவரிடம் சொல்வேன்." பின்னால் சொன்னால் துரோகமாகத் தெரியும்.

18 வயதுக்குட்பட்டவரின் அந்தரங்கப் படம் இணையத்தில் பரவாமல் தடுக்க டேக் இட் டவுன் என்ற இலவசச் சேவை இருக்கிறது. படம் போனைவிட்டு வெளியே போகாது. அதன் இலக்கக் கைரேகை (படத்தை அடையாளம் காட்டும் ஒரு குறியீடு) மட்டும் அனுப்பப்பட்டு, சேர்ந்திருக்கும் தளங்களில் தேடி நீக்கப்படும். பெரியவர்களுக்கு இதே வேலையை ஸ்டாப் என்.சி.ஐ.ஐ. செய்கிறது.

நம் மாவட்டங்களில் ஒரு தவறு மீண்டும் மீண்டும் நடக்கிறது. பெண் பிள்ளையின் போனில் ஏதோ பார்த்தவுடன் பள்ளியை நிறுத்தி, மாப்பிள்ளை பார்க்கத் தொடங்குகிறார்கள். 18 வயதுக்கு முன் திருமணம் செய்து வைப்பது குற்றம். அதைவிட, உதவி கேட்ட பிள்ளைக்குக் கிடைத்த தண்டனையாக அது முடிந்துவிடும்; பார்த்துக்கொண்டிருக்கும் தங்கைகள் எவரும் அதற்குப் பிறகு வாய் திறக்க மாட்டார்கள். அந்தப் பேச்சு காதில் விழுந்த அன்றே 1098-க்குச் சொல்லுங்கள், வீட்டுக்கும் போங்கள்.

மனச்சோர்வைத் தனியாகப் பேசுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் சாப்பாட்டிலும் பேச்சிலும் விளையாட்டிலும் ஒதுங்கும் பிள்ளையிடம் "செபம் போதவில்லை", "சாத்தான் சோதிக்கிறான்" என்று சொல்லாதீர்கள். காய்ச்சலுக்கு மருத்துவரிடம் போகிற மாதிரி இதற்கும் போக வேண்டும். அரசின் மனநல உதவி எண் டெலி மனஸ் 14416, இருபத்து நான்கு மணி நேரமும், தமிழில், இலவசம். தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்கு நீங்களே கூட்டிக்கொண்டு போகலாம். சாவைப் பற்றிப் பேசினால் நேரடியாகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் வராது. தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.

பங்குத்தந்தையர்க்கு ஒன்று. பிள்ளை இவற்றில் எதையாவது பாவசங்கீர்த்தனத்தில் (பாவ அறிக்கையில்) சொன்னால், திருச்சபைச் சட்டப்படி உங்களால் வெளியே சொல்ல முடியாது. அங்கேயே அன்பாகக் கேளுங்கள்: "வெளியே வந்ததும் இதை என்னிடமோ உன் ஆசிரியையிடமோ மறுபடி சொல்வாயா?"

8. ஆறாம் வாரம்: காலியான நேரத்துக்கு வழி செய்யுங்கள்

இப்போது பெற்றோரும் பாட்டி தாத்தாக்களும் வர வேண்டும். கோயிலில் கூட்டினால் வராதவர்கள் அன்பியக் கூட்டத்துக்கு (அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் சிறு குழு) வருவார்கள், அங்கே போய்ப் பேசுங்கள். பேச வேண்டியது இரண்டே: சாப்பிடும்போது பெரியவர் கையிலும் போன் இருக்கக் கூடாது, பிள்ளை ஒன்றைச் சொன்னால் அன்று அடிக்கக் கூடாது.

குறைந்த நேரத்தை எதனால் நிரப்புவது என்பதில் எல்லாரும் பையன்களை மட்டும் நினைக்கிறார்கள். கபடி, வாலிபால், கிரிக்கெட். அவர்களுக்கு ஏற்கெனவே மைதானம் இருக்கிறது. பள்ளி விட்டு வந்ததும் வீட்டுக்குள் அடையும் பெண் பிள்ளைக்குச் செல்போன் ஒன்றுதான் ஜன்னல். அதை அடைத்துவிட்டு வேறு ஜன்னல் திறக்காமல் இருப்பது கொடுமை.

எங்கள் பங்கில் சனிக்கிழமை மாலை நாலரை முதல் ஆறு வரை மறைக்கல்விக் கூடத்தையும் கோயில் வளாகத்தையும் பெண் பிள்ளைகளுக்கு மட்டும் ஒதுக்கினோம். இரண்டு தாய்மார் கூடவே இருப்பார்கள். கேரம் பலகை, இறகுப்பந்து, ஒரு பழைய கீபோர்டு. செபக்கூட்டமாக மாற்றச் சொல்லி யோசனைகள் வந்தன, மறுத்துவிட்டோம். பிள்ளைகள் சிரித்துப் பேச ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான். தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண் மூன்றாவது சனிக்கிழமை வந்தாள். பேசவில்லை. கீபோர்டின் தூசியைத் துடைத்துவிட்டு ஒரு விரலால் ஏதோ வாசித்தாள்.

9. மூன்று மாதம் கழித்து

அரையாண்டுத் தேர்வு விடுமுறைக்குள் ஒரு வாரம் மறுபடியும் அதே நான்கு கேள்விகளை எழுதச் சொல்லுங்கள். மணிக்கணக்கு கொஞ்சம் ஏறியிருக்கும். அதைக் கண்டு சோர்ந்துவிடாதீர்கள். இரவு கடைசி நேரத்தையும் மனநிலைச் சொல்லையும் முதல் வாரத்தோடு ஒப்பிடச் சொல்லுங்கள். ஒப்பிடுவது பிள்ளை, நாம் அல்ல. மோசமாகியிருந்தால் அவர்களாகவே வந்து சொல்ல, அந்த ஞாயிறு பூசைக்குப் பின் அரைமணி நேரம் இரண்டு பெரியவர்களும் வளாகத்து மரத்தடியில் உட்கார்ந்திருங்கள்.

மறைமாவட்டத்துக்கு அனுப்பும் ஆண்டறிக்கையில் எத்தனை பேர் வந்தார்கள் என்று மட்டும் எழுதுங்கள். எண்களோ கதைகளோ வேண்டாம். நோட்டுகள் பிள்ளைகளுடையவை, அவர்களிடமே இருக்கட்டும்.

அடுத்த அணிக்கு நோட்டு வாங்கும்போது இரண்டு கூடுதலாக வாங்கி வையுங்கள். நடுவில் வந்து சேர்கிற பிள்ளைகள் எப்போதும் இருப்பார்கள்.